மத்திய அரசின் பற்றாக்குறையைக் குறைக்கத் திட்டம் போடுவது எப்படி: கணக்கோடு ஒரு முழு வழிகாட்டி

குரூப் 1 முதன்மைத் தேர்வோ, கல்லூரி மாதிரி நாடாளுமன்றமோ, “பற்றாக்குறையைக் குறைக்க வழி சொல்” என்றதும் வரும் பதில் ஒன்றுதான்: வரியைக் கூட்டு, இலவசத்தை நிறுத்து, வீண் செலவைக் குறை. மூன்றுக்கும் எதிரே எவ்வளவு ரூபாய் என்று எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். அந்த ரூபாய்க் கணக்கை எந்த வரிசையில் போடுவது என்பதுதான் இங்கே விஷயம்.

கணக்குக்கு 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டை எடுத்திருக்கிறோம். வேறு ஆண்டு என்றால் எண்களை மாற்றினால் போதும், முறை மாறாது. எடுத்துக்காட்டுகள் தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கத்தவை. வரியும் விலையும் மாறினால் சரக்கும் ஆளும் எந்தப் பக்கம் நகரும் என்பதை மாநில எல்லையில் வெறும் கண்ணால் பார்க்கலாம்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் தளத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். முதலில் ‘பட்ஜெட் அட் எ கிளான்ஸ்’. அடுத்து வரவு விவரங்கள் உள்ள ‘ரிசீட் பட்ஜெட்’. வரிச்சலுகைகளால் இழக்கும் தொகை இதன் பின்னிணைப்பில் இருக்கிறது. மூன்றாவது, செலவுத் தொகுப்பான ‘எக்ஸ்பென்டிச்சர் புரொஃபைல்’. கூடவே தலைமைக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் வெளியிடும் மாதக் கணக்கு.

பட்ஜெட் உரையை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். உரையில் புதுத் திட்டங்கள் இருக்கும், பழைய செலவு இருக்காது. பணம் போவது பெரும்பாலும் பழைய செலவில்தான்.

1. எந்தப் பற்றாக்குறை என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்

மூன்று பற்றாக்குறைகள் உண்டு. மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. கடன் இல்லாத வரவு 34.96 லட்சம் கோடி. வித்தியாசமான 15.69 லட்சம் கோடிதான் நிதிப் பற்றாக்குறை. இது ஜி.டி.பி.யில் (நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) 4.4 சதவீதம்.

அன்றாடச் செலவுக்கும் அன்றாட வரவுக்கும் உள்ள இடைவெளி வருவாய்ப் பற்றாக்குறை: 5.24 லட்சம் கோடி. நிதிப் பற்றாக்குறையில் வட்டியைக் கழித்தால் வருவது முதன்மைப் பற்றாக்குறை: 2.93 லட்சம் கோடி.

எதைக் குறைக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்துத் திட்டமே மாறும். சாலைக்கான பணத்தை வெட்டினால் நிதிப் பற்றாக்குறை இறங்கும், வருவாய்ப் பற்றாக்குறை அசையாது. ஒரு பத்தியில் ஒன்றும் அடுத்த பத்தியில் இன்னொன்றுமாகக் கலந்து எழுதுவது புதியவர்களின் முதல் தவறு. இங்கே நிதிப் பற்றாக்குறையையே எடுத்துக்கொள்வோம்.

2. அளவுகோல் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள்

2025-26க்கு அரசு கணித்த ஜி.டி.பி. சுமார் 357 லட்சம் கோடி. அதில் 0.1 சதவீதம் 35,700 கோடி. இந்த எண்ணைத் தாளின் மேல் ஓரத்தில் எழுதி வட்டம் போடுங்கள். இனி எந்த யோசனை வந்தாலும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

“ஐயாயிரம் கோடி மிச்சம்” என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். அளவுகோலில் அது 0.014 சதவீதம். பற்றாக்குறையை ஒரு சதவீதப் புள்ளி இறக்க 3.57 லட்சம் கோடி வேண்டும். இலக்கை மூன்றாண்டில் ஒரு புள்ளி என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 1.2 லட்சம் கோடி.

ஒரு எச்சரிக்கை. நாம் வகுக்கும் ஜி.டி.பி.யும் கணிப்புதான். விலைவாசி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக ஏறி, ஜி.டி.பி. 357க்குப் பதில் 350 லட்சம் கோடியில் நின்றால், ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமலே 4.4 என்பது 4.48 ஆகிவிடும். அதனால் விழுக்காட்டோடு ரூபாயையும் சேர்த்தே எழுதுங்கள்.

3. கை வைக்க முடியாததை முதலில் கழியுங்கள்

வட்டி 12.76 லட்சம் கோடி. வருவாய் வரவில் நூற்றுக்கு முப்பத்தேழு ரூபாய் இதற்கே போகிறது. ஏற்கெனவே எழுதிக் கொடுத்த பத்திரங்களுக்கான வட்டி என்பதால் பேரம் பேச இடமில்லை. ஓய்வூதியத்தையும் சேர்த்துப் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. மற்ற ஓய்வூதியம் 1.16 லட்சம் கோடி. நிதிக்குழு பரிந்துரைப்படி மாநிலங்களுக்குத் தரும் மானியம் 1.33 லட்சம் கோடி.

உணவு, உர மானியங்கள் 3.71 லட்சம் கோடி. பாதுகாப்பு நீங்கலான மூலதனச் செலவு, அதாவது சாலை, பாலம் போன்று நிலைத்து நிற்பவற்றுக்கான செலவு, சுமார் 9.4 லட்சம் கோடி. இவ்விரண்டையும் தனித் தாளில் வையுங்கள், பிறகு வருவோம்.

எல்லாம் கழித்தால் மிஞ்சுவது சுமார் 15 லட்சம் கோடி. சம்பளம், காவல் படைகள், நூறு நாள் வேலை (86,000 கோடி), ஜல் ஜீவன் (67,000 கோடி), பி.எம். கிசான் (63,500 கோடி) எல்லாம் இதற்குள்தான். 50 லட்சம் கோடி பட்ஜெட்டில் பத்து சதவீதம் வெட்டலாம் என்று எழுதுபவர், இந்த 15 லட்சம் கோடியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டச் சொல்கிறார் என்பதே அர்த்தம். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களின் திட்டம் எதுவும் நிற்பதில்லை.

4. வெட்டுவதற்கு முன் வேகத்தைப் பிடியுங்கள்

ஜி.டி.பி. ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறும்போது செலவை 9 சதவீதம் மட்டும் ஏறவிட்டால் என்ன ஆகும்? மொத்தச் செலவு இந்தப் பட்ஜெட்டில் ஜி.டி.பி.யில் 14.2 சதவீதம். மூன்றாண்டில் அது 13.8க்கு இறங்கும். வரவு ஜி.டி.பி.யோடு சேர்ந்தே வளர்ந்தால், யார் வயிற்றிலும் அடிக்காமல் சுமார் 0.4 புள்ளி கிடைத்துவிட்டது. இலக்கில் ஐந்தில் இரண்டு பங்கு.

பார்க்கச் சுலபம், நடைமுறையில் நெருக்கும். வட்டி நாம் சொன்னபடி 9 சதவீதத்தில் நிற்காது. அது 10 சதவீதம் ஏறினால் மற்றதெல்லாம் சேர்ந்து 8.7 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். சம்பளக் குழு வரும் ஆண்டில் இந்தக் கணக்கு கிழிந்துவிடும். 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவது குழுவால் ஆண்டுச் சுமை சுமார் 1.02 லட்சம் கோடி என்று அப்போதே மதிப்பிட்டார்கள். எட்டாவது குழுவுக்கான இடத்தைத் திட்டத்தில் முதலிலேயே ஒதுக்குங்கள்.

இதே படியில் செய்யக்கூடிய இன்னொரு வேலை பண நிர்வாகம். திட்டப் பணத்தை ஏப்ரலிலேயே மாநிலக் கணக்குகளுக்கு அனுப்பிவிட்டால் அது வங்கியில் தூங்கும். அதே நேரத்தில் டெல்லி வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருக்கும். திட்டத்துக்கு ஒரே கணக்கு, தேவைப்படும் நாளில் பணம் என்ற ஏற்பாடு 2021 முதல் வரத் தொடங்கியது இதற்காகத்தான். சத்தமில்லாத மிச்சம் என்பதால் மேடையில் யாரும் இதைப் பேசுவதில்லை.

5. மானியம்: ஒரு மூட்டையை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

மானியத்தைத் தொகையாகப் பார்க்காமல் ஒரு மூட்டை, ஒரு அட்டை, ஒரு சிலிண்டர் என்று இறக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

யூரியாவை எடுப்போம். 2018 முதல் மூட்டை 45 கிலோ. விவசாயி கொடுப்பது 266.50 ரூபாய். இயற்கை எரிவாயு விலை எவ்வளவு ஏறினாலும் இந்த விலை நகராது. ஏறுவது முழுக்க மானியத்தில் போய் விழும். சரி, மூட்டைக்கு ஐம்பது ரூபாய் கூட்டுகிறோம். நாட்டில் ஆண்டுக்கு விற்பது 350 லட்சம் டன்னுக்கு மேல். அதாவது சுமார் 78 கோடி மூட்டை. ஐம்பதால் பெருக்கினால் 3,900 கோடி. அளவுகோலில் 0.01 சதவீதம்.

கடனாநதி, குண்டாறு பாசனத்தில் கார் நெல்லுக்கு மேலுரம் போடும் வாரத்தில் இந்த விலையேற்றத்தை அறிவித்தால் வரும் கோபத்தையும் இந்த 0.01-ஐயும் தராசில் வைத்துப் பாருங்கள். ஐம்பது ரூபாய் என்பது அரசுக்கு ஒன்றுமில்லை, மூட்டை தூக்குபவருக்கு நிறைய. மானியத்தைப் பெரிதாக மாற்றும் வழி வேறு. மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்கள் 2010 முதல் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத்தில் (சத்தின் அளவுக்கு நிலையான மானியம், விலை மாறலாம்) இருக்கின்றன. யூரியாவை மட்டும் அதற்கு வெளியே விட்டதால்தான் அது மலிவாகி, வயலில் தேவைக்கு மேல் விழுகிறது. யூரியாவையும் அதற்குள் கொண்டுவந்து, வித்தியாசத்தை ஏக்கர் கணக்கில் விவசாயி வங்கிக் கணக்குக்குத் தருவதாக எழுதினால் திட்டம் கேள்விக்குத் தாங்கும். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தயாராக இருக்கட்டும்: நிலம் யார் பெயரிலோ, பயிர் வைப்பவர் குத்தகைக்காரர். பணம் யாருக்கு?

அடுத்து ரேஷன். 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் அரிசி முழு இலவசம். அதற்கு முன் கிலோ 3 ரூபாய். “பழைய மூன்று ரூபாயை வாங்கினாலே போதும்” என்று பலர் எழுதுகிறார்கள். 81.35 கோடிப் பேர், மாதம் 5 கிலோ, பன்னிரண்டு மாதம், கிலோவுக்கு 3 ரூபாய்: மொத்தம் 14,600 கோடி. எல்லாமே அரிசி என்று தாராளமாக வைத்தும் இவ்வளவுதான், 0.04 சதவீதம். இரண்டு லட்சம் கோடி உணவு மானியத்தின் எடை கொள்முதல் விலை, சேமிப்பு, லாரி வாடகை, கிட்டங்கியில் கிடக்கும் தேவைக்கு மேற்பட்ட இருப்பு ஆகியவற்றில் இருக்கிறது. கை வைக்க வேண்டிய இடம் அந்த இருப்பு.

“கசிவை அடைத்தால் போதும்” என்பது அடுத்த ஆசை. புளியரை சோதனைச் சாவடியில் கேரளத்துக்குப் போகும் ரேஷன் அரிசி பிடிபட்ட செய்தியை இந்தப் பக்கத்தில் எல்லோரும் படித்திருப்போம். மலைக்கு இந்தப் பக்கம் விலையில்லை, அந்தப் பக்கம் விலை உண்டு. அந்த வித்தியாசம் இருக்கும்வரை யாராவது ஏற்றத்தான் செய்வார்கள். கசிவைக் குறைக்க வேண்டியதுதான். ஆனால் அடைத்த கசிவு அப்படியே மிச்சமாகாது: திருட்டுப்போன அரிசி உரிய அட்டைக்குப் போனால் அரசின் செலவு அதேதான், சேருமிடம்தான் சரியாகிறது. போலி அட்டையை நீக்கினால் மட்டுமே பணம் மிஞ்சும். இந்த இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

6. வரி: மொத்தத்தை எழுதாதீர்கள், கையில் நிற்பதை எழுதுங்கள்

அதிகத் தவறு நடக்கும் இடம் இதுதான்.

முதல் வெட்டு, மாநிலப் பங்கு. பகிர வேண்டிய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போகிறது. வருமான வரியில் கூடுதலாக நூறு ரூபாய் வந்தால் மத்திய அரசிடம் நிற்பது 59. திட்டத்துக்கு 60,000 கோடி வேண்டுமென்றால் வசூல் ஏறத்தாழ 1.02 லட்சம் கோடி கூட வேண்டும்.

ஜி.எஸ்.டி.யில் வெட்டு இன்னும் ஆழம். நூறு ரூபாயில் பாதி மாநில ஜி.எஸ்.டி. மீதி ஐம்பதில் 41 சதவீதம், அதாவது 20.50, மறுபடி மாநிலங்களுக்கு. கடைசியில் 29.50. எல்லை தாண்டும் சரக்கிலும் இதே கணக்குதான். கோவில்பட்டித் தீப்பெட்டி லோடு புளியரை வழியாகப் புனலூர் போனால், மாநிலப் பாதி கேரளத்துக்கு. சரக்கு எங்கே விற்றுத் தீர்கிறதோ அங்கே வரி. விகிதத்தை மத்திய அரசு தனியாக மாற்றவும் முடியாது, ஜி.எஸ்.டி. கவுன்சில் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 என்று இறங்கியபோது, வரவில் சுமார் 48,000 கோடி தாக்கம் இருக்கும் என்று அரசே சொன்னது.

இதனால்தான் டெல்லிக்கு வரிக்கு மேல் போடும் கூடுதல் வரிகளான செஸ், சர்சார்ஜ் மேல் அவ்வளவு பிரியம். பகிர வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் மாற்றத்துக்குப் பின் பெட்ரோல் லிட்டருக்கு மத்திய கலால் மொத்தம் 21.90 ரூபாயாக இருந்தது, அதில் பகிர வேண்டிய அடிப்படைக் கலால் 1.40 மட்டும். உங்கள் திட்டத்தில் செஸ் போட்டால் கணக்கு அழகாக வரும். ஆனால் பற்றாக்குறை காணாமல் போகவில்லை, ஒரு பகுதி சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடம் மாறியது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நேர்மைக்காகச் சொல்கிறோம், தேர்வில் மதிப்பெண்ணும் அங்கேதான்.

இரண்டாவது வெட்டு, நகரும் அடித்தளம். விகிதத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் வசூலும் பத்து சதவீதம் கூடும் என்று எழுதுகிறார்கள். கேரளம் 2023 ஏப்ரலில் பெட்ரோல், டீசல் மேல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது. ஏற்கெனவே அங்கே விலை கூடுதல். ஆரியங்காவு ஏறப்போகும் காய்கறி லாரி புளியரைப் பக்கமே டேங்கை நிரப்பிக்கொள்வதில் வியப்பென்ன? விகிதம் ஏறிய ஊரில் லிட்டர் இறங்கும். நாட்டளவில் வரி போட்டால் இந்த எல்லை இல்லை, உண்மை. ஆனால் பணக்காரரின் வருமானத்துக்கும் நிறுவன லாபத்துக்கும் துபாய், சிங்கப்பூர் என்று வேறு எல்லைகள் இருக்கின்றன. கணித்த கூடுதல் வசூலில் ஒரு பகுதியைக் கழித்தே எழுதுங்கள்.

மூன்றாவது, மொத்தமும் நிகரமும். ஆரியங்காவு லாட்டரிக் கடையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை என்பதால் இந்தப் பக்கத்து ஆட்களும் அங்கே நிற்பார்கள். விற்ற டிக்கெட் பணம் முழுவதும் கேரள பட்ஜெட்டில் வரவாக ஏறும். பரிசும் முகவர் கமிஷனும் செலவுப் பக்கத்தில் இருக்கும். வரவை மட்டும் பார்த்தவர் தங்கச்சுரங்கம் என்பார். இரண்டையும் பார்த்தவர் அமைதியாகிவிடுவார். மத்திய பட்ஜெட்டில் எந்தப் புது வரவைக் கண்டாலும் அதை ஈட்ட ஆன செலவு எங்கே என்று தேடுங்கள்.

புது வரியைவிடக் கொடுத்த சலுகையைத் திரும்ப எடுப்பதில் பணம் அதிகம். 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 22 சதவீதமாக இறக்கியதன் விலை ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி என்று அரசே அப்போது சொன்னது. 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்ற 2025 அறிவிப்பின் விலை சுமார் ஒரு லட்சம் கோடி. மேலே மூன்று ரூபாய் அரிசிக்கு நாம் போட்ட 14,600 கோடியை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எதை முதலில் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். எங்கள் கருத்தில் சலுகைப் பட்டியல்தான் முதலில் வர வேண்டும்.

7. ஒருமுறைப் பணத்தைத் தனிக் கட்டத்தில் வையுங்கள்

ரிசர்வ் வங்கி 2024-25 கணக்குக்காக 2.69 லட்சம் கோடி உபரி தந்தது. முந்தைய ஆண்டு 2.11 லட்சம் கோடி. அடுத்த ஆண்டும் கூடும் என்று கோடு இழுத்துவிடாதீர்கள். டாலர் விலையும் வெளிநாட்டு வட்டியும் மாறினால் இந்தத் தொகையும் மாறும். பங்கு விற்பனையும் அப்படித்தான். 2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்கு வெளியீட்டில் வந்தது சுமார் 20,500 கோடி. அதே பங்கை மறுபடி விற்க முடியாது.

இப்படி வரும் பணத்தை ஆண்டுதோறும் தொடரும் செலவுக்கு எதிரே வைத்தால் மூன்றாம் ஆண்டில் பள்ளம் விழும். கடனை அடைக்கவோ, ஒரே முறை செலவாகும் வேலைக்கோ மட்டும் எழுதுங்கள்.

8. மூலதனச் செலவைக் கடைசியில் தொடுங்கள்

வெட்டுவதற்கு இதைவிடச் சுலபமானது இல்லை. பாலம் கட்டாவிட்டால் பாலம் வந்து கேள்வி கேட்காது. அதனாலேயே திணறும் அரசுகள் முதலில் இதை வெட்டுகின்றன. அடுத்த சில ஆண்டுகளின் வளர்ச்சியும் வரி வசூலும் சேர்ந்து விழும்.

பாதுகாப்பையும் சேர்த்த மொத்த மூலதனச் செலவான 11.21 லட்சம் கோடியில் 1.5 லட்சம் கோடி, மாநிலங்களுக்கு 50 ஆண்டு வட்டியில்லாக் கடன். அதை நிறுத்தினால் மத்தியப் பற்றாக்குறை 0.4 புள்ளி குறைந்ததுபோல் தெரியும். மாநிலங்கள் அதே பணத்தைச் சந்தையில் வட்டிக்கு வாங்கும்.

9. பட்ஜெட்டுக்கு வெளியே தள்ளிய கடனைத் தேடுங்கள்

இந்திய உணவுக் கழகத்துக்குத் தர வேண்டிய மானியத்தை முழுதாகத் தராமல், சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளச் சொன்ன காலம் உண்டு. பட்ஜெட்டில் பற்றாக்குறை குறைவாகத் தெரிந்தது. 2020-21இல் அந்தக் கடனை அடைத்துக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டுப் பற்றாக்குறை 9.2 சதவீதம் ஆனதில் கொரோனாவோடு இதற்கும் பங்கு உண்டு.

கேரளத்தின் உள்கட்டமைப்பு முதலீட்டு வாரியமான கிஃப்பி வாங்கும் கடனை மாநிலக் கடன் வரம்பில் சேர்த்ததால் அந்த மாநிலம் உச்ச நீதிமன்றம் போயிருப்பது தெரிந்ததே. மாநிலத்துக்குப் போட்ட அதே அளவுகோலை மத்திய அரசுக்கும் போடுங்கள். செலவைப் பொதுத்துறை நிறுவனத்தின் தலையில் ஏற்றி மிச்சம் காட்டும் வரி உங்கள் திட்டத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

10. எந்த ஆண்டில் எது

முதல் ஆண்டில் வேகக் கட்டுப்பாடும் பண நிர்வாகமும். சட்டத் திருத்தம் வேண்டாம். கூடவே வரிச்சலுகைகளுக்கு முடிவுத் தேதி அறிவியுங்கள். நிறுவனங்கள் கணக்கை மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும். இரண்டாம் ஆண்டில் உர மானிய மாற்றம். ஒரு பருவம் சில மாவட்டங்களில் பார்த்துவிட்டுத்தான் நாடு முழுக்க. பெரிய வரவு மூன்றாம் ஆண்டில்தான் வரும் என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு கிரீஸ். 2010 முதல் கடுமையாக வெட்டினார்கள்; பொருளாதாரம் அதைவிடச் சுருங்கியதால் ஜி.டி.பி.யோடு ஒப்பிட்ட கடன் ஏறிக்கொண்டே போனது. வெட்டு வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக ஐ.எம்.எஃப். பொருளாதார அறிஞர்களே 2013இல் எழுதினார்கள். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து வீடே போதும். இலங்கை 2019 இறுதியில் வாட் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக இறக்கியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்ப முடியாது என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் அதே வாட் 18 சதவீதம்.

11. மாதக் கணக்கில் சரிபார்ப்பது

தலைமைக் கணக்குக் கட்டுப்பாட்டாளரின் அறிக்கை வந்ததும் ஆண்டு இலக்கில் எத்தனை சதவீதம் தீர்ந்தது என்று பாருங்கள். பன்னிரண்டால் வகுத்துப் பார்க்காதீர்கள். முன்பண வரி ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் 100 என்றுதான் வருகிறது. சம்பளமும் வட்டியும் ஏப்ரலிலிருந்தே ஓடும். முதல் காலாண்டுப் பற்றாக்குறையைப் பார்த்துப் பதறி எழுதும் தலைப்புச் செய்திகள் ஆண்டுதோறும் வருவது இதனால்தான். போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ரிசர்வ் வங்கி உபரி வந்த மாதத்தை மட்டும் விலக்கிவிட்டு இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி முதல் தேதி திருத்திய மதிப்பீடு வரும். வரவு குறைந்தும் பற்றாக்குறை இலக்கு மாறாமல் இருந்தால், மூலதனச் செலவு வரிசைக்குப் போய் பட்ஜெட் மதிப்பீட்டையும் திருத்திய மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பாருங்கள். வெட்டு எங்கே விழுந்தது என்பது அநேகமாக அங்கேதான் கிடைக்கும்.